கரண்டுக்கு முன்னால் ஒரு படம்



சமையல், தையல், குழந்தை வளர்ப்பு என்று லேசான விஷயங்களையே பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். அதற்குக் காரணம் தபாலில் வந்த ஒரு கடிதம். புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம்.

அவருடைய மாமியாருக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று பல வருஷங்களுக்குப் பிறகு ரத்தப் போக்கு ஏற்பட்டிருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாலு மாதம் மறைத்து வைத்திருந்தாராம். மருமகள்தான் கண்டுபிடித்து டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். கருப்பையின் வாய்ப் பகுதியில் புற்று என்று தெரிந்தது. "ஆபரேஷன் வேண்டாம், கரண்ட் வைக்கலாம், குணமாக நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது" என்று சொல்லி வெளியூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார் டாக்டர்.

அங்கேதான் வந்தது வினை. ஊரில் எடுத்த ஸ்கான் படத்தைக் கையோடு கொண்டு போயும், "எங்களுக்கு வேறு ஸ்கான் வேண்டும்" என்று மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். இடுப்பில் மூன்று புள்ளி வைத்து, "பத்து நாள் கழித்து வாருங்கள், அழிக்காதீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எத்தனை தடவைதான் படம் எடுப்பார்கள்? என்னை வைத்துக்கொண்டு படம் காட்டுகிறார்களா? நான் இனிமேல் வரவில்லை. என் தலையில் எழுதியபடி ஆகட்டும்" என்று சொல்லிவிட்டாராம். கணவருக்கோ வேறு கவலை: பத்து நாளில் கட்டி வளர்ந்துவிட்டால்?

"எதற்காக இரண்டாவது படம்? எதற்காகப் பத்து நாள்? இந்தக் கரண்டை நம்பி அத்தையை அனுப்பலாமா?" என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார் அந்த மருமகள். தேதி தவறிவிடக் கூடாதே என்று அவருக்கு உடனே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனாலும் இது ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. நாளைக்கு உங்கள் அண்ணிக்கோ, பெரியம்மாவுக்கோ, பக்கத்து வீட்டு மாமிக்கோ வரக்கூடிய கேள்வி. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயரைக் கவனியுங்கள். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட்'. பாதிப் பயத்தை இந்தப் பெயரே உண்டாக்கிவிடுகிறது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் தூக்கிப் போடுமே, அப்படி ஏதோ உடம்பில் பாய்ச்சுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அது சரியில்லை. யந்திரம் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும். ஆனால் நோயாளியின் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. பாய்வது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

1895-ம் வருஷம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் அந்த ஒளியைக் கண்டுபிடித்தார். தம் மனைவியின் கையை அதன் குறுக்கே வைத்துப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் தெரிந்தன. கை முறிந்தால் நாம் எடுக்கிறோமே, அந்த எக்ஸ்ரேதான். அதையே பல மடங்கு சக்தியோடு செலுத்தினால் படம் எடுப்பதோடு நிற்காமல் வைத்தியமும் செய்கிறது. உடம்பின் நுண்ணிய அணுக்களுக்குள்ளே இருக்கும் மரபு இழையை அது அறுத்துவிடுகிறது. நல்ல அணுக்கள் பெரும்பாலும் அந்த அறுந்த இழையைத் தைத்துக்கொண்டு பிழைத்துவிடும். புற்று அணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, அவை மடிந்துபோகும். நல்ல அணுக்களுக்குத் தையல் போட அவகாசம் வேண்டும் அல்லவா? அதனால்தான் மருந்தை ஒரே நாளில் கொட்டிவிடாமல் வாரத்துக்கு 5 நாளாகப் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

படுத்திருக்கும்போது வலி தெரியாது; சூடு தெரியாது. அறைக்குள் இருப்பது பத்துப் பதினைந்து நிமிஷம்; கதிர் பாய்வது அதிலும் சில நிமிஷம்தான். வெளியிலிருந்து செலுத்தும் இந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தொற்றாது.

* * *

புதுக்கோட்டைச் சகோதரிக்கு இந்த வைத்தியத்தைப் பற்றிச் சொல்லும்போது, அவருடைய ஊரில் பிறந்த ஒரு பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மகப்பேறு நிதியுதவி அவர் பெயரில்தான் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் உங்களுக்கு அது ஞாபகம் வந்திருக்கும். தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். பையன்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண் போய் உட்காருவதா என்று ஊரில் ஆட்சேபம் கிளம்பியது. அப்போது மன்னராக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டராக வெளியே வந்தார் முத்துலட்சுமி.

அவருடைய தங்கை ஒருவர் புற்றுநோயால் 1923-ல் காலமானார். படித்த டாக்டர் கூடப் பிறந்தவள். பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. பிற்காலத்தில் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் திரட்டினார். 1952-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. பெண்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டதில் பிறந்த ஆஸ்பத்திரி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாளின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021-ல் தம் 93-வது வயதில் கண்ணை மூடும்வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடாக இருந்தது.

1950-களின் பிற்பகுதியில் கனடா தேசத்திலிருந்து அடையாற்றுக்கு ஒரு கோபால்ட் யந்திரம் வந்தது. அதற்கு முன் இருந்த எக்ஸ்ரே யந்திரங்களின் கதிர் தன் பலத்தில் பெரும்பகுதியைத் தோலிலேயே செலவழித்துவிடும். தோல் கறுத்து உரியும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். கோபால்ட் கதிர் ஆழமாகப் போயிற்று. தோல் ஓரளவு தப்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதனால் பிழைத்தார்கள்.

ஆனாலும் அதில் ஒரு குறை இருந்தது. யந்திரத்தின் குறையல்ல, கண்ணின் குறை. கட்டி உள்ளே எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நேரே பார்க்க வழியில்லை. தட்டையான எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், கருப்பை தெரியாது. டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, இடுப்பு எலும்பை அடையாளமாக வைத்து, ஒரு சதுரம் போட்டுக்கொள்வார். கட்டி தப்பிவிடக் கூடாதே என்று சதுரத்தைத் தாராளமாகவே போட வேண்டியிருந்தது. அந்தச் சதுரத்துக்குள் மூத்திரப்பையும் மலக்குடலும் அகப்பட்டுக்கொண்டன. வைத்தியம் முடிந்த பிறகும் சிலருக்கு வருஷக்கணக்கில் உபத்திரவம். அந்தக் காலத்துப் பாட்டிமார்களைப் பார்த்தவர்கள் சொன்ன கதைதான் இன்றைக்கும் "கரண்டா, ஐயோ!" என்று நம் வீடுகளில் பயமாக நிற்கிறது.

கதிர் இருந்தது; கண் இல்லை. அந்தக் கண்ணைக் கொடுத்ததுதான் ஸ்கான்.

* * *

வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் உள்ளே இருக்கும் நாரும் ஓட்டையும் தெரியும். மனித உடம்பை அப்படி நறுக்காமலே வில்லை வில்லையாகப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எஞ்சினீயர். 1971-ல் லண்டனில் ஒரு பெண் நோயாளியின் தலையை அவருடைய யந்திரம் முதன்முதலாகப் படம் எடுத்தது. இந்தக் காரியத்துக்காக அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் சூட்சுமம் கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். உங்கள் பெண் அடுத்த அறையில் ஒரு புள்ளிக் கோலம் போட்டிருக்கிறாள். உங்களுக்குக் காட்டமாட்டாள். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை, குறுக்கே எத்தனை, சாய்வாக எத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் சொல்கிறாள். போதுமான அளவு எண்ணிக்கை கிடைத்தால், கோலத்தைப் பார்க்காமலே தாளில் போட்டுவிடலாம் அல்லவா? ஸ்கான் யந்திரமும் அதையேதான் செய்கிறது. உடம்பைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரேயைச் செலுத்தி, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்று எண்ணிக்கொள்கிறது. பிறகு கணக்குப் போட்டுக் கோலத்தைக் கண்டுபிடிக்கிறது.

இந்தக் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு. எண்ணிக்கையை வைத்து நேராகப் படம் வரைந்தால் கலங்கலாக வரும். ஈரக் கோலத்தை யாரோ மிதித்துவிட்ட மாதிரி. அந்தக் கலங்கலைத் துடைத்துக் கூர்மையாக்க எளிய கணித வழி ஒன்றை 1971-ல் வெளியிட்டார்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். அந்த வருஷங்களில் அடையாற்றுக்கு அடுத்த கிண்டியில் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்து 'ராம்-லாக்' என்று உலகம் முழுவதும் அந்த வழியைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது ஸ்கான் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஊரில் எடுத்த ஸ்கான் போதாதா?

ஊரில் எடுத்த படம் "நோய் இருக்கிறதா, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது" என்று கண்டுபிடிப்பதற்கு. அது நல்ல படம்தான், வீணாகவும் போகவில்லை. ஆனால் அதை எடுத்தபோது அத்தை குழிவான மேஜையில் படுத்திருந்தார். காலை எப்படி வைத்திருந்தார், மூத்திரப்பை நிறைந்திருந்ததா என்று யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். வைத்திய யந்திரத்தின் மேஜையோ பலகை மாதிரித் தட்டையானது. படுக்கும் விதம் மாறினால் உள்ளே இருக்கும் உறுப்புகளும் இடம் மாறும். ஆகவே எந்த நிலையில் தினமும் கதிர் வாங்கப் போகிறாரோ, அதே மேஜை, அதே படுக்கை, அதே நிலையில் ஒரு படம் வேண்டும். உட்கார்ந்து அளவு கொடுத்து ரவிக்கை தைத்தால், நின்று போட்டுக்கொள்ளும்போது எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இடுப்பில் வைத்த மூன்று புள்ளியும் அதற்குத்தான். படம் எடுத்த நிலையை மறுநாளும் அச்சாகக் கொண்டுவர அவைதான் திசைகாட்டி. தலை, கழுத்தில் நோய் உள்ளவர்களுக்கு வெந்நீரில் இளகும் வலைத் தகட்டால் முகத்துக்கே ஒரு முகமூடி அச்சு எடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். மூச்சு விட அதில் தாராளமாக இடம் உண்டு.

இந்தப் படத்தால் இன்னொரு உபயோகமும் இருக்கிறது. ஸ்கான் படம் வெறும் கறுப்பு வெள்ளைப் படம் அல்ல. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு ஆயிரம் குறைவு, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டி. ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரையே அந்த எண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். வழியில் எலும்பு இருந்தால் கதிர் எவ்வளவு குறையும், காற்று இருந்தால் எவ்வளவு தாண்டும் என்று இந்த எண்களிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள்.

"இத்தனை ஸ்கான் எடுத்தால் அதுவே கெடுதல் செய்யாதா?" என்று சிலர் கேட்பது உண்டு. இந்த நோய்க்கு வெளியிலிருந்து வழக்கமாகக் கொடுக்கும் கதிர் 25 தடவையில் 45 கிரே. ஒரு தடவை படம் எடுக்க ஆகும் கதிர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அளவு தெரியாமல் வைத்தியம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

* * *

அடுத்தது அந்தப் பத்து நாள். அத்தை வீட்டில் கோபமாக உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது?

நூறு, நூற்றைம்பது வில்லைப் படங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. டாக்டர் ஒவ்வொரு வில்லையிலும் கோடு போடுகிறார். கட்டி தெரியும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்து இரண்டாவது கோடு. உடம்பு நாளுக்கு நாள் கொஞ்சம் அசையுமே, அதற்காக இடம் விட்டு மூன்றாவது கோடு. நாம் துணி வெட்டும்போது தையலுக்கு இடம் விட்டு வெட்டுகிறோமே, அப்படி. பிறகு காப்பாற்ற வேண்டிய உறுப்புகளுக்கு வேறு கோடு: மூத்திரப்பை, மலக்குடல், குடல், தொடை எலும்பின் தலை. மென்மையான சதை, எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கானில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆகவே அந்தப் படத்தையும் இதன்மேல் பொருத்திப் பார்ப்பார்கள்.

அதன்பின் பௌதிக நிபுணரின் வேலை. எத்தனை திசையிலிருந்து, எவ்வளவு கதிர், எந்த வடிவத்தில் என்று திட்டம் போட வேண்டும். திருவப்பூர் மாரியம்மன் பூச்சொரிதலன்று ஒவ்வொரு வீதியாகக் கூட்டம் வருகிறது. தனித் தனி வீதியில் பார்த்தால் சுமாரான ஜனம்தான். எல்லாம் வந்து சேரும் கோயில் வாசலில் எள் போட்டால் எள் விழாது. கதிரும் அப்படித்தான். பல திசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்று சேர்கிறது. வழியில் உள்ள நல்ல சதைக்கு ஒரு வீதிக் கூட்டம்தான்.

அந்தக் காலத்து யந்திரத்தின் வாய் சதுரம். இப்போதைய யந்திரத்தின் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தனித் தனியாக முன்னும் பின்னும் நகரும். முறுக்கு அச்சில் வில்லையை மாற்றினால் வடிவம் மாறுவதுபோல, திசைக்குத் திசை கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி வாய் மாறிக்கொள்ளும். கட்டிக்கு முழு அளவு போகிறதா, மலக்குடலுக்கு வரம்புக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று நிபுணர் பல தடவை மாற்றி மாற்றிக் கணக்குப் பார்ப்பார். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் விடமாட்டார்கள். நோயாளிக்குப் பதிலாக அளவுக் கருவியை மேஜையில் வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகையில் கணக்குச் சரியாக வந்தால்தான் உங்கள் அத்தைக்குத் தேதி.

இப்போது இந்த வேலையைக் கம்ப்யூட்டரே பாதி செய்யத் தொடங்கியிருக்கிறது. டாக்டர்கள் கோடு போட்ட ஏராளமான பழைய படங்களைக் காட்டிப் பழக்கிவிட்டால், புதிய படத்தில் மூத்திரப்பை எது, குடல் எது என்று அது தானே கோடு போடுகிறது. மணிக்கணக்கான வேலை நிமிஷக்கணக்கில் முடிகிறது. கூட்டம் அதிகம், டாக்டர்கள் குறைவு என்ற நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இது பெரிய ஒத்தாசை. ஆனால் கூட இருந்து கோலம் கற்றுக்கொண்ட சின்னப் பெண் போட்ட கோலத்தை அம்மா ஒரு தடவை பார்க்க வேண்டாமா? புது விதமான கட்டியைக் கண்டால் கம்ப்யூட்டர் தவறக்கூடும். கடைசிக் கோடு டாக்டருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து நாளில் கட்டி வளர்ந்துவிடாதா என்று கேட்ட கணவருக்குப் பதில் இதுதான்: இந்தச் சில நாள் வீணாகப் போகும் நாள் அல்ல, குறி பார்க்கும் நாள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சொன்ன தேதிக்குப் போகாமல் ஒரு மாதம் தள்ளிப் போடுவதில் இருக்கிறது. நடுவில் நிறுத்திவிடுவதில் இருக்கிறது.

* * *

படம் நன்றாக அமைந்தாயிற்று, திட்டமும் சரி. இனி மீதிப் பங்கு நோயாளியுடையது. அவரைப் பார்த்துக்கொள்ளும் நம்முடையது. இதைக் கத்தரித்து வைத்துக்கொண்டாலும் நல்லது.

புள்ளியை அழிக்காதீர்கள். மையால் வைத்த குறியாக இருந்தால் மஞ்சள், எண்ணெய், சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம். அழிந்துவிட்டால் நீங்களே பேனாவால் வரையாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்னால் அவர்கள் பார்த்துச் சரி செய்வார்கள்.

இடுப்புப் பகுதிக்குக் கதிர் வைக்கும்போது, "மூத்திரப்பை நிறைந்திருக்கட்டும், இவ்வளவு தண்ணீர் குடித்துவிட்டு இவ்வளவு நேரம் காத்திருங்கள்" என்பார்கள். உபசாரத்துக்குச் சொல்வதல்ல. நிறைந்த மூத்திரப்பை குடலை மேலே தள்ளிவிடும். குடல் கதிரிலிருந்து தப்பும். படம் எடுத்தபோது எப்படி நிறைந்திருந்ததோ அப்படியே தினமும் இருக்க வேண்டும். நம் பெண்கள் "பாத்ரூம் எங்கே இருக்குமோ" என்று பஸ் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த விஷயத்தில் அந்தச் சங்கோசம் கூடாது. இடது மார்பில் வைத்தியமானால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். மூச்சு நிறைந்தால் மார்பு விலகி இருதயம் தப்புகிறது. வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

யந்திரத்திலேயே ஒரு ஸ்கான் இருக்கும். கதிர் செலுத்துமுன் அதில் ஒரு படம் எடுத்து, முதல் படத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். சிறிது விலகியிருந்தால் மேஜையை நகர்த்திச் சரி செய்வார்கள். அந்தச் சமயத்தில் அசையாமல் படுத்திருப்பதுதான் நோயாளி செய்யக்கூடிய மகத்தான உதவி.

உடம்பு இளைக்க விடாதீர்கள். உடம்பு மெலிந்தால் படத்துக்கும் உடம்புக்கும் பொருத்தம் போய்விடும். "புற்றுக்காரர்களுக்குப் பத்தியம்" என்று முட்டையையும் பருப்பையும் தயிரையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வீடுகள் உண்டு. டாக்டர் சொல்லாத பத்தியம் வேண்டாம். வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, அசதி வரலாம். வந்தால் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. எங்கே கதிர் படுகிறதோ அங்கேதான் முடி கொட்டும். இடுப்பில் வைத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது சொல்வதை முக்கியமாகக் கவனியுங்கள். கருப்பை வாய்ப் புற்றில் இரண்டு மூன்று வாரத்திலேயே ரத்தப் போக்கு நின்றுவிடுவது உண்டு. உடனே, "எனக்குச் சரியாகிவிட்டது, திருவிழாவுக்கு வீட்டுக்குப் போகிறேன்" என்று மூட்டையைக் கட்டிவிடுவார்கள். ரத்தம் நின்றால் நோய் நின்றது என்று அர்த்தமில்லை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் முடிந்த பிறகு, உள்ளே கருவி வைத்துக் கட்டியின் அருகிலேயே கொடுக்கும் கதிர் சில தடவை உண்டு. அதற்கும் படம் எடுத்துக் கணக்குப் போடுவார்கள். அதுவும் சேர்ந்தால்தான் வைத்தியம் பூர்த்தி. எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாள் தள்ளத் தள்ளக் குணமாகும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

செலவைப் பற்றிப் பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் கதிர்வீச்சு வைத்தியமும் சேர்ந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தஞ்சாவூரும் மதுரையும் எட்டாத தூரமில்லை; இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. முதல் நாளே அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். 5 வாரம், 6 வாரம் தினமும் யார் கூடப் போவது என்பதைக் குடும்பத்தில் உட்கார்ந்து பேசி முறை போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் மருமகள் தலையில் என்று விட்டுவிடாதீர்கள்; பிள்ளைகளும் இரண்டு நாள் லீவு போடட்டும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு அற்புதமான ஸ்கான் வந்தாலும், நாம் போய்ப் படுத்தால்தான் அது பார்க்கும். கட்டி அம்மன் காசு அளவில் இருக்கும்போது போவதற்கும், எலுமிச்சம்பழமாக வளர்ந்த பிறகு போவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாயையும் மார்பையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். சில நிமிஷ வேலை. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலும், நாற்றமுள்ள வெள்ளை பட்டாலும், மார்பில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்; ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகள் வீட்டில் இருந்தால், கருப்பை வாய்ப் புற்று வராமல் தடுக்கும் ஊசியைப் பற்றி டாக்டரிடம் விசாரியுங்கள்.

புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண், தன் தங்கைக்குச் செய்ய முடியாமல் போனதை ஊரார் பெண்களுக்கெல்லாம் செய்து வைத்தாள். அவள் ஆரம்பித்த காலத்தில் இல்லாத கண்ணும் இப்போது வந்துவிட்டது. வாயைத் திறந்து "எனக்கு இப்படி இருக்கிறது" என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதை எந்தக் கம்ப்யூட்டரும் நமக்காகச் சொல்லாது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கூச்சப்பட்டால், இன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம், பல சகோதரிகள் கேட்டிருக்கும் வெயில்காலத்து வற்றல் வகைகள்.